விழுந்து எழுந்த அம்மா என்னை யாரென்று கேட்கிறார்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. நான்கு வருடமாக அல்சைமர். மூன்று வாரம் முன்பு பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், இப்போது "நீ யாரு?" என்கிறார். ராத்திரி முழுக்கக் கத்தல், பகலில் தூக்கம். நோய் முற்றிவிட்டதா?

பதில்: அல்சைமர் இவ்வளவு அவசரமாக நகராது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லக் கூடும் நோய் அது. நாலைந்து நாளில் ஆளே மாறிப்போனால், அதன் மேல் வேறொன்று ஏறிக்கொண்டது என்றுதான் முதலில் சந்தேகிப்போம். இந்தத் திடீர் மனக்குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். எலும்பு முறிவு, ஆபரேஷன், பழகாத ஆஸ்பத்திரி அறை எல்லாம் சேர்ந்தால், ஏற்கெனவே தளர்ந்த மூளை தடுமாறிவிடும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பலர் தேறுகிறார்கள். சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும், சிலர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

அடிக்கடி தவறவிடப்படும் காரணம் வலி. "வலிக்குதாம்மா?" என்றால் இல்லை என்பார், வலி இருக்கும், சொல்லத் தெரியாது. அதனால் முகத்தைப் பாருங்கள். புரட்டிப் படுக்க வைக்கும்போது புருவம் சுருங்குகிறதா? முனகுகிறாரா, கையைத் தட்டிவிடுகிறாரா? தூக்க மாத்திரை கேட்டு வந்த குடும்பங்களில், பாரசிட்டமாலை வேளாவேளைக்குக் கொடுத்ததுமே கத்தல் அடங்கியதைப் பார்த்திருக்கிறேன். (அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

அப்புறம் சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், உடலில் நீரோ சோடியம் என்ற உப்புச்சத்தோ குறைவது. மாத்திரைகளும் குழப்பும்: வலிக்குத் தரும் டிரமடால், சளிக்குத் தரும் குளோர்பெனிரமின் போன்றவை. வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

விழுந்தபோது தலையிலும் அடிபட்டதா? இடுப்பைப் பார்க்கும் அவசரத்தில் தலையை மறந்துவிடுவது உண்டு. வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால், மண்டை ஓட்டுக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து வாரங்கள் கழித்துக்கூட வெளிப்படும். ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர் என்றால் ஆபத்து கூடுதல். சி.டி. ஸ்கேன் தேவையா என்று நீங்களாகவே கேளுங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், வாந்தி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, இதில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

வீட்டில் அவருடைய கண்ணாடியை மாட்டிவிடுங்கள். பகலில் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி நடக்க வையுங்கள். கட்டிலோடு கட்டிப்போட வேண்டாம், குழப்பம் இன்னும் ஏறும். "நீ யாரு?" என்றால் பரீட்சை வைக்காமல் உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள். தையலைப் பார்க்க வரச் சொன்ன தேதிவரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே அழைத்துப் போங்கள்.