ஐடி நம்பர் ஏன் நடுவுல விட்டுப்போகுது? ஆட்டோ இன்கிரிமென்ட் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல ஆர்டர் டேபிள்ல ஐடி 41க்கு அப்புறம் நேரா 45 வருது. யாரும் டெலீட் பண்ணல. டேட்டா போயிடுச்சா?

பதில்: ஒண்ணும் போகல தம்பி, பயப்படாதீங்க. ஆட்டோ இன்கிரிமென்ட்னா ஐடி நம்பரை டேட்டாபேஸே கூட்டிக் கூட்டிக் குடுக்கறது. இன்சர்ட், அதாவது டேபிள்ல புது வரி (ரோ) சேர்க்கற கட்டளை, வந்த உடனே நம்பரை எடுத்துக் குடுத்துடும், அந்த ட்ரான்சாக்ஷன் (ஒண்ணா முடிய வேண்டிய வேலைங்க) கமிட் ஆகுமா, அதாவது உறுதியா சேவ் ஆகுமா ஆகாதானு காத்துட்டு இருக்காது. ஆஸ்பத்திரில டோக்கன் குடுக்கற மாதிரிதான், 42 வாங்கினவர் பாதில எழுந்து வீட்டுக்குப் போயிட்டா அதுக்காக வெளில நிக்கறவங்க டோக்கனை மாத்தி எழுத மாட்டாங்க இல்லையா, அதுக்குள்ள 43, 44 எல்லாம் கைமாறி இருக்கும். ரோல்பேக் ஆனாலும், அதாவது அந்த வேலை ரத்தாகிப் போனாலும், நம்பர் திரும்பி வராது. இன்சர்ட் இக்னோர் (ஏற்கனவே இருந்தா விட்டுடும்), ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் (ஏற்கனவே இருந்தா அதையே மாத்தும்) யூஸ் பண்றீங்களானு பாருங்க, அதுல புது வரி விழலேன்னாலும் நம்பர் செலவாகும்.

கேள்வி: சார், ஜிஎஸ்டி பில் நம்பருக்கு இதே ஐடியை வெச்சுக்கலாமா? ஆடிட்டர் நம்பர் விட்டுப்போகக் கூடாதுங்கறார்.

பதில்: தயவுசெஞ்சு வேண்டாம். இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. பில் நம்பர் வரிசையா இருக்கணும், 16 எழுத்துக்கு மேல போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள்ள ரெண்டு தடவை வரக் கூடாது, இதெல்லாம் ரூல். ஐடிக்கு அந்தப் பொறுப்பு கிடையாது, ஒரு வரியை இன்னொரு வரிலேர்ந்து பிரிச்சுக் காட்டறது மட்டும்தான் அதோட வேலை. பில்லுக்குன்னு தனியா ஒரு சின்ன டேபிள் வைங்க, ஒரு சீரிஸுக்கு ஒரு வருஷத்துக்கு ஒரு வரி, அதுல கடைசி நம்பர். பில் போடறப்ப அதே ட்ரான்சாக்ஷனுக்குள்ள அந்த வரியை அப்டேட் பண்ணி ஒண்ணு கூட்டுங்க, அந்த நம்பரை எடுத்து பில்லை இன்சர்ட் பண்ணுங்க, அப்புறம் கமிட். பில் ஃபெயில் ஆனா அந்தக் கடைசி நம்பரும் சேர்ந்து பழைய நிலைக்கு வந்துடும். ஆனா அந்த வரி லாக்ல (வேற யாரும் மாத்த முடியாம) இருக்கற வரைக்கும் அடுத்த பில்லிங் கவுன்டர்ல இருக்கறவர் காத்துட்டு இருப்பார், அதனால எஸ்எம்எஸ் அனுப்பறது, பிரின்ட் எடுக்கறது எல்லாம் கமிட்டுக்கு அப்புறம்தான்.

கேள்வி: மேக்ஸ் ஐடி, அதாவது டேபிள்ல இருக்கற பெரிய ஐடியை எடுத்து ஒண்ணு கூட்டிக்கிட்டா போதாதா?

பதில்: ரெண்டு பேர் ஒரே நேரத்துல சேவ் அமுக்கினா ரெண்டு பேருக்கும் 107தான் தெரியும், ரெண்டு பேரும் 108 போடுவாங்க. பிரைமரி கீ (ஒரே நம்பர் ரெண்டு தடவை வர விடாத கட்டுப்பாடு) இருந்தா ஒருத்தருக்கு எரர் வரும், இல்லேன்னா ரெண்டு 108.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல பழைய டேட்டாவை ஐடியோட ஏத்தினேன், இப்ப புதுசா எது போட்டாலும் டூப்ளிகேட் கீ எரர்.

பதில்: நீங்க கையால ஐடி குடுத்தா அங்க சீக்வென்ஸ் (அடுத்த நம்பர் குடுக்கற எண்ணி) நகராது, அது இன்னும் 1லயே நிக்குது. செட்வால்ங்கற ஃபங்ஷன் போட்டு சீக்வென்ஸை டேபிள்ல இருக்கற பெரிய ஐடிக்குக் கொண்டு வந்துடுங்க. மைஎஸ்க்யூஎல் தானா நகர்ந்துக்கும்.

கேள்வி: ஐடிக்கு இன்ட் (சாதா முழு எண்) போதுமா, பிக்இன்ட் (பெரிய முழு எண்) வேணுமா?

பதில்: பிக்இன்ட். சாதா இன்ட் 2147483647ல நின்னுடும், செகண்டுக்கு 100 இன்சர்ட் விடாம விழற டேபிள்னா எட்டே மாசம்தான். மைஎஸ்க்யூஎல்ல அப்ப வர்றதும் டூப்ளிகேட் என்ட்ரி எரர்தான், காரணம் புரியறதுக்குள்ள பாதி நாள் போயிடும்.

கேள்வி: டெலீட் பண்ணின ஐடி மறுபடியும் வருமா அண்ணா?

பதில்: மைஎஸ்க்யூஎல் 5.7 வரைக்கும் இன்னோடிபியோட (மைஎஸ்க்யூஎல் டேட்டாவைச் சேமிக்கற பகுதி) ஐடி கவுன்டர் மெமரிலதான் இருந்துச்சு, சர்வர் ரீஸ்டார்ட் ஆனா டேபிள்ல இருக்கற பெரிய ஐடிலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கும். நான் பார்த்த ஒரு இடத்துல கடைசி கஸ்டமரை டெலீட் பண்ணிட்டாங்க, ராத்திரி ரீஸ்டார்ட், காலைல சேர்ந்த புது கஸ்டமருக்கு அதே ஐடி விழுந்து, பழையவரோட பாக்கி 3,200 ரூபா இவர் பேர்ல நின்னுச்சு, பாக்கி டேபிள்ல ஃபாரின் கீ (அந்த ஐடியை கஸ்டமர் டேபிளோட கட்டிப்போடற கட்டுப்பாடு) போடல. 8.0லேர்ந்து கவுன்டர் டிஸ்க்ல சேவ் ஆகுது, அந்தப் பிரச்சனை இல்ல. பழைய வெர்ஷன்ல இருந்தீங்கனா டெலீட்டுக்குப் பதிலா டேபிள்ல ஆக்டிவ்னு ஒரு ஃபீல்டு வெச்சு 0 போட்டுடுங்க.