சீசன் பணம் கொழுந்தனாருக்கு, நகை அடகுக்கடைக்கு

கேள்வி: குன்னூரில் ஆறு அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறோம். ஒவ்வொரு நவம்பரிலும் பின்மேட்டுத் தடுப்புச் சுவர் விரிசல் விடும். நகையை வைத்துப் பூசுவோம். நகைக்கடன் இப்போது ரூ.4.2 லட்சம். வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைக்கிறோம். சீசன் முடிந்ததும் ஜூனில் கோவைக் கொழுந்தனார் கடைக்காக ரூ.2 லட்சம் கைமாற்று வாங்குவார். பொங்கல்வரை சிறுகச் சிறுகத் தருவார், அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும். புதுச் சுவருக்கு ரூ.3.8 லட்சம் ஆகுமாம். ஆண்டுக்கு ரூ.1 லட்சம் கட்டினால் பிற்காலப் பழுதுச் செலவுக்கு உதவும் என்று ஏஜென்ட் ஓர் உத்தரவாத வருமானத் திட்டத்தைச் சொல்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. நகைக்கடன் வட்டி 12 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் போகிறது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. இத்தகைய திட்டங்கள் கணக்குப் போட்டால் பெரும்பாலும் ஐந்து, ஆறு சதவீதத்தைத்தான் தொடுகின்றன. அந்தப் பணமும் பல ஆண்டுகள் பூட்டிக் கிடக்கும். 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் (ஆன்லைன் நுழைவு அனுமதி) வந்த பிறகு சீசன் வசூலை முன்கூட்டி எண்ணவும் முடியாது. ‘உத்தரவாதம்’ என்ற சொல்லைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் சிக்கல் ஜூன் மாதத்தில் இருக்கிறது. கையில் ரொக்கம் இருக்கும்போது வட்டியில்லாமல் கொடுக்கிறீர்கள். ஐந்து மாதம் கழித்து நீங்களே வட்டிக்கு வாங்குகிறீர்கள். கொழுந்தனார் கடைக்கு உங்கள் நகைதான் முதல். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் குன்னூருக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். சுவருக்குப் பணம் வேண்டிய மாதங்களில் அது கோவையில் இருக்கிறது.

பூச்சு வேலையையும் நிறுத்துங்கள். சுவரைத் தள்ளுவது பின்னால் தேங்கும் தண்ணீர். வெளிப்பக்கம் சிமென்ட் பூசும்போது தண்ணீர் வெளியேறும் துளைகளையும் அடைத்துவிட்டால், அடுத்த மழையில் அழுத்தம் இன்னும் கூடும். ஒவ்வோர் ஆண்டும் நகையை வைத்துச் செய்தது இதுவாகவும் இருக்கலாம். ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து மேட்டைக் காட்டுங்கள். ஜேசிபி இறக்குவதானால் மாவட்ட நிர்வாக அனுமதி வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும்.

கைமாற்று ரூ.2 லட்சம், திட்டத்துக்கு எடுத்து வைத்த ரூ.1 லட்சம், ஆக மூன்று லட்சம். இன்ஜினியர் ஒப்புக்கொண்டால், மேட்டின் தலையில் வடிகால், சுவரில் குழாய்கள், மிக மோசமான பகுதி ஆகியவற்றை அக்டோபருக்குள் முடியுங்கள். மீதி எண்பதாயிரம் வேலை அடுத்த ஆண்டுக்கு. அடுத்த சீசனில் மறுபடி மூன்று லட்சம் நின்றால், எண்பதாயிரம் போக ரூ.2.2 லட்சம் நகைக்கடன் அசலுக்கு. அதற்கடுத்த சீசனில் பாக்கி இரண்டு லட்சமும் தீர்ந்து நகை வீட்டுக்கு வந்துவிடும்.

மேட்டை ஒட்டிய அறைகள் எத்தனை என்று எழுதவில்லை. இரண்டு என்று கொள்கிறேன். வேலை முடிந்து இன்ஜினியர் சரி என்று சொல்லும்வரை மழை மாதங்களில் அவற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள். அறுபது நாளில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பும், வாடகை ரூ.1,500 என்றால் நட்டம் அறுபதாயிரம். பெரிய தொகைதான். ஆனால் 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. உங்களுக்கு அந்தச் சுவரைத் தெரியும். அறையில் படுத்திருக்கும் குடும்பத்துக்குத் தெரியாது. ரெட் அலர்ட் வந்தால் முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுக்க ஒரு இருபதாயிரத்தைத் தனியாக வையுங்கள். முன்பணம் போய்விடுமே என்று யாரும் அந்த மழையில் மலை ஏறக் கூடாது.

காப்பீடு இருக்கிறதா என்றும் நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வீட்டுக் காப்பீடாக இருந்தால், விடுதி நடத்தும் கட்டடத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி உங்களைப் போன்ற சிறு தொழில்களுக்கானது. புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் அதில் உண்டு. தடுப்புச் சுவரையும் மதிப்போடு எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். விருந்தினருக்குக் காயம் பட்டால் வரும் பொறுப்புக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

கொழுந்தனாரிடம் உங்கள் கணவர் பேசட்டும். நேரில் வரச் சொல்லி, சுவரைக் காட்டிவிட்டுப் பேசட்டும்.