அவர்கள் எங்கே போய் நிற்பது?

வணக்கம்.

நாங்கள் சென்னை துரைப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவருக்கும் எனக்கும் ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) வேலை. மகன் பத்தாம் வகுப்பு, மகள் எட்டாம் வகுப்பு. மகனை நினைத்தால்தான் கவலை. டியூஷன் முடிந்தால் நேராக வீட்டுக்கு வருவதில்லை. மெயின் ரோடு முனையில் இருக்கும் பேக்கரி வாசலில் நாலைந்து பையன்களோடு நிற்கிறான். ஆளுக்குப் பாதி பப்ஸ் தின்றுவிட்டு ஒரு மணி நேரம் நிற்கிறார்கள். என்னடா பேசுகிறீர்கள் என்று கேட்டால் "சும்மா" என்கிறான். போன வாரம் எங்கள் அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் ஒருவர் அவர்களைப் போட்டோ எடுத்துப் போட்டு, "இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?" என்று கேட்டிருந்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அதில் இரண்டு பேர் கண்ணகி நகர்ப் பையன்கள். அது வேறு பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் போன்தான். ஃப்ரீ ஃபயர், இல்லாவிட்டால் ரீல்ஸ். பன்னிரண்டு மணிவரை தூங்குவதில்லை, காலையில் எழுப்ப முடிவதில்லை.

மகளால் ஒரு தொந்தரவும் இல்லை. பள்ளி விட்டால் வீடு. அறையை விட்டே வெளியே வருவதில்லை.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவள். எங்களுக்குத் தெரு இருந்தது, கோயில் இருந்தது, ஆறு இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் வாங்கிக் கொடுக்கிறோம், ஆனால் எதிலும் பிடிப்பில்லை. நகரத்தில் வளரும் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

எஸ்., துரைப்பாக்கம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் பேக்கரி வாசலில் நிற்பதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. நீங்கள் எழுதியதிலேயே எனக்கு நிம்மதி தந்த விஷயம் அதுதான். பதினைந்து வயதில் ஒரு பையன் தினமும் ஒரு மணி நேரம் நண்பர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். யாரிடம் பைசா இருக்கிறதோ அவன் வாங்க, மற்றவர்கள் பிய்த்துத் தின்கிறார்கள். அந்த "சும்மா"வுக்குள் என்னென்னவோ இருக்கும். வகுப்பில் திட்டு வாங்கியது, ஒரு பெண் இன்ஸ்டாவில் பதில் போடாதது, கிரிக்கெட், பைக், ஒருவனுடைய அப்பாவுக்கு வேலை போனது. அம்மாவிடம் சொல்ல வராத பேச்சு அவனிடம் நிறைய இருக்கும். அதைச் சொல்ல நாலு பேர் கிடைத்திருக்கிறார்கள் என்றால் நல்லதுதானே.

சரி, பேக்கரி வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். வேறு எங்கே போவான்? குடியிருப்புக்குள் பந்து விளையாடக் கூடாது என்று போர்டு இருக்கும். மொட்டை மாடி பூட்டியிருக்கும். ஊஞ்சலும் சறுக்குமரமும் சின்னப் பிள்ளைகளுக்கு. டர்ஃப் மைதானம் மணிக்கணக்கு வாடகை. மாலில் எதுவும் வாங்காமல் அரை மணி நேரம் நின்றால் செக்யூரிட்டி வந்து விசாரிப்பார். நீலாங்கரைக் கடற்கரை கிழக்கே பக்கத்தில்தான், ஆனால் நடுவில் பக்கிங்காம் கால்வாய் கிடக்கிறது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். சைக்கிள் எடுக்கலாம் என்றால் மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் எந்த அம்மாவுக்கு மனசு வரும்? இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது பேக்கரி வாசலும் போனும்தான். வாசலில் இருந்தும் அவனை விரட்டிவிட்டால் போன் மட்டும்தான்.

2024 அக்டோபரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். சென்னை மாநகராட்சி தன்னுடைய ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் பராமரிக்கக் கொடுத்து, ஆடுகிறவர்களிடம் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றார்கள். நல்லது. ஆனால் அப்படி ஒரு யோசனை தீர்மானம் வரைக்கும் வந்துவிட்டதே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தினம் ஒரு மணி நேரம் ஆடினால் மாதம் 3,600 ரூபாய். வட சென்னை வியாசர்பாடியில் அதைக் கொடுத்துப் பந்து உதைக்க எத்தனை வீட்டில் முடியும்? பிள்ளைகள் காசில்லாமல் ஆடியதால்தான் அந்தப் பகுதிக்குக் கால்பந்தில் இவ்வளவு பெயர். கேரமும் அப்படித்தான். வட சென்னைச் சந்துகளில் போர்டைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பையன்களை எல்லோரும் வெட்டிப் பயல்கள் என்றுதான் சொல்வார்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா அந்தப் பக்கத்துப் பெண். அப்போது 17 வயது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், பேட்டைப் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுப்பவர். தங்கம் வாங்குவார்கள் என்பதற்காக இடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் மகன் ஒரு பதக்கமும் வாங்க வேண்டாம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், காசு கேட்காத, பெரியவர்கள் வந்து தலையிடாத ஒரு இடம் அவனுக்கு இருந்தால் போதும்.

அடுத்து அந்த இரண்டு பையன்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கண்ணகி நகர் தானாக வளர்ந்த ஊர் கிடையாது. 2000-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து, நகரத்தின் நடுவே ஆற்றோரங்களிலும் கால்வாய் ஓரங்களிலும் குடியிருந்தவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். இன்று 15,000-க்கும் மேல் வீடுகள். முதலில் கட்டியவற்றில் பல 200 சதுர அடிகூட வராது. ஐந்து பேர் இருக்கும் அவ்வளவு சின்ன வீட்டில் பதினைந்து வயதுப் பையன் சாயங்காலம் எங்கே உட்காருவான்? வெளியே வந்துதான் ஆக வேண்டும். அப்புறம், இந்த இடமாற்றங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. 2019 கடைசியில் தீவுத்திடல் பக்கம் சத்தியவாணிமுத்து நகரிலிருந்து குடும்பங்களை நகரத்துக்குத் தெற்கே தள்ளி இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது கல்வியாண்டின் நடுவே. இப்படி வந்த பிள்ளைகளில் பலர், பழைய பள்ளியையும் பழைய நண்பர்களையும் விட மனமில்லாமல் விடிவதற்குள் எழுந்து பஸ் பிடித்திருக்கிறார்கள். இருந்த ஊரையும் நண்பர்களையும் ஒரே நாளில் பறிகொடுப்பது என்னவென்று தெரிந்த பிள்ளைகள் அவர்கள். உங்கள் மகனுக்கு அப்படிப்பட்டவர்கள் நண்பர்களாகக் கிடைத்ததில் பயப்பட ஒன்றுமில்லை.

அங்கே கஞ்சாவும் அடிதடியும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதற்கு நடுவில்தான் தெருவில் கபடிப் பயிற்சியும் நடக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். முகவரியைச் சொன்னதும் வேலை இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள் என்று அங்கே வளர்ந்தவர்கள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். அதனால்தான் அந்த வாட்ஸப் போட்டோ என்னை உறுத்துகிறது. உங்கள் மகனுக்கு அது ஒரு நாள் வெட்கத்தோடு போய்விடும். மற்ற இருவருக்கு அது போலீஸ் விசாரணையாகக்கூடத் திரும்பலாம். போட்டவரிடம் பேசி முதலில் அதை அழிக்கச் சொல்லுங்கள். "அதில் ஒருவன் என் மகன், மற்றவர்கள் அவன் நண்பர்கள்" என்று குழுவில் நீங்களே எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பையன்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

தூக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. சீக்கிரம் தூக்கம் வராதது முழுக்க அடம் கிடையாது. ஆனால் 13 முதல் 18 வயதுவரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். போன் அதைக் கெடுக்கிறது என்பதில் உங்கள் கட்சிதான் நான். பத்து மணிக்கு மேல் எல்லாப் போனும் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். உங்களுடையதும், அவன் அப்பாவுடையதும் சேர்த்து.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது மகளைப் பற்றி எழுதிய மூன்று வரிதான். பதின்மூன்று வயதுப் பெண் அறையை விட்டு வெளியே வருவதில்லை, அதனால் தொந்தரவு இல்லை என்கிறீர்கள். அவளுக்கு ஒரு பேக்கரி வாசல்கூட இல்லை, எஸ். இந்த வயதில்தான் பெண் பிள்ளைகள் நம் தெருக்களிலிருந்து காணாமல் போகிறார்கள். பத்து வயதுவரை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று உள்ளே போய்விடுகிறாள். நாமும் பெண் அடக்கமாகிவிட்டாள் என்று சந்தோஷப்படுகிறோம். உங்களுடைய பதின்மூன்றாம் வயதை யோசித்துப் பாருங்கள். அந்த ஆற்றங்கரைக்கு நினைத்த நேரம் போக உங்களை விட்டார்களா, உங்கள் அண்ணன் தம்பிகளை மட்டும் விட்டார்களா? கோயில் படிக்கட்டில் ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்களா? அந்தக் காலத்தை நான் குறை சொல்ல வரவில்லை. உங்களுக்குக் கிடைக்காமல் போனது ஏதாவது இருந்தால், அதை உங்கள் மகளுக்குக் கொடுக்க இப்போது உங்களால் முடியும்.

2021-லிருந்து சாதாரண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, பிள்ளைகளுக்கென்றே தனிப்பகுதி உண்டு. ஒரு தோழியோடு சனிக்கிழமை அவள் போய் வரட்டும். முதல் முறை நீங்கள் கூடப் போய் வழியைக் காட்டுங்கள், அடுத்த முறை விட்டுவிடுங்கள். புத்தகம் படிக்காமல் பஸ்ஸிலும் வாசலிலும் கதை பேசிவிட்டுத் திரும்பி வந்தாலும் சரி.

கடைசியாக, அசோசியேஷன் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய ஒன்று. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர்வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிடலாம். பழைய கட்டடங்களுக்கும் இதே மாதிரி விதி இருந்தது. உங்கள் குடியிருப்பு நிலம் கொடுத்ததா, பணம் கட்டியதா என்று அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பாருங்கள். நிலம் என்றால் அது இப்போது என்னவாக இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பணம் என்றால் பக்கத்தில் வேறு எந்த இடம் சும்மா கிடக்கிறது என்று வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். வார்டுக்குள் பகுதிவாரியாக மக்களைக் கூட்டி நடத்தும் பகுதி சபைக் கூட்டத்திலும் எழுப்பலாம். ஒரு விளக்கு, நாலு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், பெண்களுக்கும் சேர்த்து ஒரு கழிப்பறை. கண்ணகி நகர்ப் பிள்ளைகளும் உள்ளே வரலாம் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். கூட்டத்துக்கு மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரவு எத்தனை மணிவரை விளக்கு எரிய வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.

அன்புடன்