புரோகிரஸ் கிளம்புமுன்: சரக்கு ராக்கெட் கேள்வி பதில்

கஜகஸ்தானின் பைக்கானூரிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகும் ரஷ்யாவின் புரோகிரஸ் எம்எஸ் கலமும், அதைச் சுமக்கும் சோயுஸ்-2.1ஏ ராக்கெட்டும்தான் இன்றைய தலைப்பு. ஒரு வேண்டுகோள்: கலம் வேறு, ராக்கெட் வேறு. எரிபொருள், நாள்கணக்கு, கோளாறு எல்லாமே இரண்டுக்கும் தனித்தனி. எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

வானம்பாடி: அண்ணா, எரிபொருள் எப்ப நிரப்புவாங்க? பல நாள் முன்னாடியேன்னு சிலர் சொல்றாங்க, ஏவுற அன்னிக்குத்தான்னு சிலர் சொல்றாங்க.

இரண்டும் சரி. முதலாமவர் சொல்வது கலம், அடுத்தவர் சொல்வது ராக்கெட்.

கலத்தில் போவது ரஷ்யர்கள் ஹெப்டில், அமில் என்று சொல்லும் ஜோடி. முதலாவது சமச்சீரற்ற டைமெத்தில் ஹைட்ரசின், மற்றது நைட்ரஜன் டெட்ராக்சைடு. ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீப்பொறி வேண்டாம். சாதாரண வெப்பநிலையில் மாதக்கணக்கில் டேங்க்கில் கிடக்கும். அரை வருடத்துக்கு மேல் நிலையத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டிய கலத்துக்குத் திரவ ஆக்சிஜன் சரிப்படாது, கொதித்துப் போய்விடும். விலை என்னவென்றால் விஷம். நைட்ரஜன் டெட்ராக்சைடு 21 டிகிரியிலேயே கொதிக்கும், பழுப்பு ஆவி நுரையீரலை அரிக்கும். அதனால் தனி நிரப்பு நிலையத்தில், முகமூடி போட்டவர்கள் மட்டும் நின்று, ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார்கள்.

நிரப்பிவிட்டால் திரும்பிப்போவது சிரமம். ஆகவே அதற்கு முன்பே 254ஆம் தளத்தின் கட்டிடத்தில் பெரிய சோதனைகளை முடித்துவிடுவார்கள்: வெற்றிட அறையில் கசிவுச் சோதனை, எதிரொலி இல்லாத அறையில், நிலையத்தைத் தானே நெருங்கி ஒட்ட வழிகாட்டும் கூர்ஸ் ரேடியோ கருவிகளின் சோதனை, சூரியத் தகடுகளுக்கு விளக்கு காட்டிச் சோதனை. நிரப்பிய பிறகு ராக்கெட்டோடு சேர்க்கும் இணைப்பு வளையம், கடைசிப் பார்வை, மேல்மூடி.

ராக்கெட்டுக்கு நான்கு திரவம்: மண்ணெண்ணெய், மைனஸ் 183 டிகிரி திரவ ஆக்சிஜன், டர்போ பம்பைச் சுழற்ற ஹைட்ரஜன் பெராக்சைடு, டேங்க்கில் அழுத்தம் கொடுக்கத் திரவ நைட்ரஜன். எல்லாம் ஏவுதளத்தில், கடைசிச் சில மணி நேரத்தில். ஆக்சிஜன் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் கடைசி நிமிடங்கள் வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். படத்தில் பக்கவாட்டில் வெள்ளைப் புகை வருகிறதே, அது இதுதான்.

சேலம் மளிகை: மொத்தம் எவ்வளவு சாமான் ஏறும்? லாரில அடுக்குற மாதிரி கனம் கீழ, லேசு மேலயா?

எடை சுமார் இரண்டரை டன். அதில் தண்ணீர் 420 கிலோ வரை, நைட்ரஜன், ஆக்சிஜன் மாதிரி வாயு ஒரு 40, 50 கிலோ. மீதியை நிலையத்துக்கு மாற்றிவிடும் எரிபொருளும் உலர் சரக்கும் பங்குபோட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் சொல்லப்படும் உச்ச அளவைக் கூட்டிப் பார்த்து “நாலு டன் வருதே” என்று கேட்காதீர்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைப்பார்கள்.

லாரிக் கணக்கு பாதிதான் பொருந்தும். லாரிக்கு எது கீழ் என்று எப்போதும் தெரியும். இந்தக் கலம் படுத்தபடி ரயிலில் போகும், நின்றபடி கிளம்பும், எடையில்லாமல் மிதக்கும். கணக்குப் பார்ப்பது நிறைமையத்தை. நிலையத்தை நெருங்கும்போது சின்னச் சின்ன உந்திகள்தான் கலத்தை நகர்த்துகின்றன. நிறைமையம் நடு அச்சிலிருந்து விலகியிருந்தால், பக்கவாட்டில் தள்ளும் ஒவ்வொரு தள்ளலும் கலத்தைக் கொஞ்சம் திருப்பியும் விடும். அந்தத் திருப்பத்தைச் சரிசெய்ய இன்னொரு தள்ளல். எரிபொருள் வீண், ஆட்டமும் கூடும். அதனால் ஒவ்வொரு பையும் எடைபோட்டு, இடம் குறித்து ஏறும். கனமானவை சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கப்படும், பைகள் நுரைப்பஞ்சு வைத்துக் கட்டப்படும். கடைசி வாரத்தில் யாராவது “ஐந்து கிலோ பெட்டிதானே” என்று ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் அந்தக் கணக்கு முழுவதையும் மறுபடி போடவேண்டும்.

அடுக்குவதில் இன்னொன்று: முதலில் வேண்டியது கடைசியில் ஏறும். ஆப்பிள், ஆரஞ்சு, பூண்டு, வெங்காயம் எல்லாம் கதவுக்குப் பக்கத்தில். கதவைத் திறந்ததும் பழவாசனை அடிப்பது இதனால்தான்.

கணக்கு வாத்தியார்: சிறுநீரைக்கூடச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். பிறகு 420 லிட்டர் எதற்கு?

2023இல் நிலையத்தின் அமெரிக்கப் பகுதியில் 98 சதவீதம் மீட்டெடுத்துக் காட்டினார்கள், உண்மை. ஆனால் சுவாசிக்கும் ஆக்சிஜனும் தண்ணீரைப் பிரித்துத்தான் கிடைக்கிறது. கருவி நின்றுபோனால் கைவசம் இருப்பும் வேண்டும். ரோத்னிக் என்ற இரண்டு டேங்க், தலா 210 கிலோ. ரஷ்யப் பகுதித் தண்ணீர் கெடாமல் இருக்க வெள்ளி அயனி சேர்ப்பார்கள், அமெரிக்கப் பகுதியில் அயோடின். இரண்டையும் கண்டபடி கலக்கக் கூடாது.

வானம்பாடி: அந்த விஷ எரிபொருள் சாமான் அறை வழியாவா நிலையத்துக்குப் போகும்?

இல்லை. அதற்குக் காற்றழுத்தம் இல்லாத தனிப் பகுதி இருக்கிறது. குழாய்கள் சரக்கறைக்கு வெளியே ஓடி, நிலையத்தோடு கலம் ஒட்டும் டாக்கிங் வளையத்தில் உள்ள இணைப்பில் சேரும். மாற்றுவதற்கு முன் அந்த இணைப்பில் கசிவு பார்ப்பார்கள். பிரியும் முன் குழாயில் மிச்சமிருப்பதை வெற்றிடத்துக்கு ஊதி வெளியேற்றுவார்கள்.

பல்லாவரம் பாபு: மழை பெஞ்சா பத்து நிமிஷம் நின்னு விடலாமே? அதுக்கு ஏன் ரெண்டு நாள் தள்ளிப்போடறாங்க?

நிலையத்தின் சுற்றுப்பாதை 51.6 டிகிரி சாய்ந்த ஒரு தட்டு மாதிரி. பூமி அதற்குள் சுழல்கிறது. பைக்கானூர் அந்தத் தட்டின் விளிம்புக்கு நேர் கீழே வரும் கணத்தில் கிளம்பினால்தான் கலமும் நிலையமும் ஒரே தளத்தில், அதாவது ஒரே தட்டில், ஓடும். பத்து நிமிடம் தாமதித்தால் பூமி இரண்டரை டிகிரி திரும்பிவிடும். அந்தத் தளவிலகலைச் சரிசெய்ய விநாடிக்குச் சுமார் 260 மீட்டர் வேக மாற்றம் வேண்டும். நிலையத்துக்குக் கொடுக்க வைத்திருக்கும் எரிபொருளை அதற்கா எரிப்பது? அதனால் கிளம்பும் நேரம் ஒரு கணம்தான். அந்தக் கணமும் தினம் ஏறக்குறைய 24 நிமிடம் முன்னால் நகரும்.

இரண்டு நாள் என்பது வேறு கணக்கு. தளம் பொருந்தினாலும், நிலையம் அந்தத் தட்டில் எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு நாளும் மாறும். 2017 அக்டோபர் 12இல் புரோகிரஸ் எம்எஸ்-07 கடைசி நிமிடத்தில் நின்று 14ஆம் தேதி கிளம்பியது. 2018 பிப்ரவரி 11இல் எம்எஸ்-08 நின்று 13ஆம் தேதி போனது. இரண்டுக்கும் இரண்டே சுற்றில் சேரும் திட்டம் இருந்தது. நாள் தள்ளிப்போனதும் அது கைநழுவி, இரண்டு நாள் சுற்றிப் போய்ச் சேரவேண்டியதாயிற்று. 2018 ஜூலையில் எம்எஸ்-09தான் முதன்முறையாக 3 மணி 40 நிமிடத்தில் சேர்ந்தது.

ராமநாதபுரம் ரவை: சரி, ஆனா அஞ்சு நிமிஷம் மட்டும்னா?

மேலே உள்ள 260ஐ இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக் பையன்: சோயுஸ் இன்ஜினை மரக்குச்சி வச்சுப் பத்தவைக்கிறாங்கன்னு ஒரு வீடியோ. புருடாதானே?

புருடா இல்லை. பிர்ச் மரக்குச்சி, மேலே ‘T’ வடிவம். அதன் நுனிகளில் இரண்டு வெடிமருந்துக் குப்பிகள், நடுவே இழுத்துக் கட்டிய பித்தளைக் கம்பி. ஏவுதளத்தில் கீழேயிருந்து ஒவ்வொரு எரியறைக்குள்ளும் செருகுவார்கள். ஐந்து இன்ஜினுக்கு 20 பெரிய அறை, திசைதிருப்பும் 12 சின்ன அறை, ஆக 32. மின்சாரம் கொடுத்ததும் மருந்து எரியும், சூட்டில் கம்பி அறுந்து மின்சுற்று துண்டிக்கும். “இங்கே நெருப்பு இருக்கிறது” என்ற செய்தி எல்லா இடத்திலிருந்தும் வந்தால்தான் வால்வு திறக்கும்.

திருச்சி வெல்டர்: ஸ்பார்க் பிளக் போட்டா முடிஞ்சுது. கார்ல இருக்கிறதுகூட இல்லையா?

ஸ்பார்க் பிளக் பொறி வந்ததைச் சொல்லும், தீ பிடித்ததைச் சொல்லாது. நெருப்பில்லாத அறைக்குள் மண்ணெண்ணெயும் ஆக்சிஜனும் அரை விநாடி தேங்கி, பிறகு பற்றினால் அது எரிதல் இல்லை, வெடிப்பு. உங்கள் வேலையிலேயே டார்ச்சில் கேஸைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடினால் என்ன ஆகும்?

பாலிடெக்னிக் பையன்: ஃபால்கன்ல காத்து பட்டாலே பத்திக்கிற ரசாயனம் வைக்கிறாங்க. அதுதான் முன்னேற்றம். மரம்னா பழசு.

அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவன ராக்கெட்டான ஃபால்கனின் முதல் கட்டம் நடுவானில் மறுபடி பற்றி, திரும்பி இறங்கவேண்டும். 60 கிலோமீட்டர் உயரத்தில் யார் குச்சி செருகுவது? அதனால் அவர்களுக்கு ரசாயனம் தேவை. சோயுஸின் கீழ்க்கட்ட இன்ஜின்கள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, தரையில் பற்றுபவை. தேவையே வேறு. உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: 32ஐயும் கையால் பொருத்த ஆளும் நேரமும் ஆகும்.

திருச்சி வெல்டர்: இரும்புக் கம்பி வச்சா என்ன? மரம் ஈரத்துல ஊறாதா?

இரும்பு பிய்ந்து பறந்தால், நெருப்பு வெளியேறும் வாயான நாசிலின் உட்சுவரைக் கீறும். மரம் கரியாகிப் போய்விடும். பிர்ச்சைத் தேர்ந்ததே ஈரத்தில் உறுதி குறையாது என்பதால்தான்.

கணக்கு வாத்தியார்: 2025 நவம்பரில் ஏவுதளத்திலிருந்து ஏதோ விழுந்ததே, அதுவும் இந்தக் குச்சி விவகாரமா?

குச்சி இல்லை, குச்சி செருகப் போகும் மேடை. ராக்கெட்டின் அடிப்பக்கத்தைத் தொட, கீழே ஒரு நகரும் சர்வீஸ் மேடை உண்டு. வேலை முடிந்ததும் அதைப் பின்னால் இழுத்து மாடத்துக்குள் பூட்டவேண்டும். நவம்பர் 27இல் ஆளேற்றிச் செல்லும் சோயுஸ் எம்எஸ்-28 கலம் கிளம்பியபோது பைக்கானூரின் 31ஆம் தளத்தில் அது பிய்ந்து தீப்பள்ளத்தில் விழுந்தது. ராக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த புரோகிரஸ் தள்ளிப்போனது.

மரக்குச்சி போதும். இன்னும் ஆறு பேர் அதையே கேட்டிருக்கிறீர்கள், விட்டுவிட்டேன்.

மின்னல் மணி: இடி மின்னல்ல விடுவாங்களா?

அமெரிக்காவில் 18 கிலோமீட்டர் தூரத்துக்குள் மின்னல் அடித்தால் அரைமணி நேரம் விடமாட்டார்கள். 1969இல் அப்பல்லோ 12ஐ இரண்டு தடவை மின்னல் தாக்கியது. சோயுஸ் கொஞ்சம் முரட்டுப் பிள்ளை, பனிப்பொழிவிலும் போகும். 2019 மே 27இல் ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து செயற்கைக்கோளோடு ஏறிய சோயுஸ்-2.1பி மின்னல் வாங்கியும் வேலையை முடித்தது. அதை வழக்கமாக்கிக்கொள்ள யாரும் விரும்பமாட்டார்கள்.

பல்லாவரம் பாபு: கடைசி நேரத்துல உயிருள்ள மாதிரிகளை ஏத்த முடியுமா?

ஓரளவுக்கு. இதில் அமெரிக்கச் சரக்குக் கலமான டிராகன் வசதியானது, கிளம்புவதற்குச் சுமார் ஒரு நாள் முன்புவரை ஏற்றலாம். இன்னொரு அமெரிக்கச் சரக்குக் கலமான சிக்னஸ் 2024 ஜனவரியில் ஃபால்கனில் போனபோது அதற்காகவே மேல்மூடியில் ஒரு கதவு வெட்டினார்கள்.

ஊட்டி உருளை: ராக்கெட்ல ஹெப்டில் இருக்கறதால கிராமங்களுக்கு ஆபத்துன்னு படிச்சேன். நிறுத்தமாட்டாங்களா?

கலம் வேறு, ராக்கெட் வேறு. நீங்கள் படித்தது ரஷ்யாவின் இன்னொரு ராக்கெட்டான புரோட்டானைப் பற்றியதாக இருக்கும், அதில் ஹெப்டில் உண்டு. சோயுஸில் மண்ணெண்ணெய்.

ராமநாதபுரம் ரவை: ஸ்ரீஹரிகோட்டாலேருந்து இதே மாதிரி எப்ப?

தனித் தலைப்பு. இங்கே வேண்டாம்.

மின்னல் மணி: நேரலை பார்க்கணும். நேரம் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ரஷ்ய மொழியும் தெரியாது.

அறிவிப்பில் மாஸ்கோ நேரம் என்றிருந்தால் இரண்டரை மணி கூட்டுங்கள், பைக்கானூர் நேரம் என்றிருந்தால் அரைமணி. நம் நேரம் வந்துவிடும். மொழிக்கு நான்கைந்து சொல் போதும். “க்ளூச் நா ஸ்டார்ட்” என்றால் சாவியைத் திருப்பிவிட்டார்கள், இன்னும் சுமார் ஆறு நிமிடம். “க்ளூச் நா ட்ரெனாஷ்” என்றால் ஆக்சிஜன் வெளியேற்று வால்வு மூடியாயிற்று, புகை நிற்கும். “ஸெம்லியா-போர்ட்” என்றால் கேபிள் தூண் விலகிவிட்டது, இனி ராக்கெட்டின் சொந்த மின்சாரம். பிறகு “பூஸ்க்” (ஏவு), “ஸஜிகானியே” (பற்றவைப்பு). அப்போது அடியில் ஆரஞ்சு நிறத்தில் மினுங்குவதைப் பாருங்கள். கடைசியாக “பத்யோம்”, எழும்பிவிட்டது. நான்கு தாங்கு கைகள் பூ விரிவதுபோல் விலகும்.