கரைந்து போகிற பொருளை வைத்து ரத்தக்குழாயை ஏன் அடைக்கிறார்கள்?

"அடைப்பதென்றால் ஒரேயடியாக அடைத்துவிடலாமே, சில வாரத்தில் கரைகிற பொருள் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாருக்கோ செய்யப்போகிறார்கள் போலிருக்கிறது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நானும் இதையேதான் கேட்டேன்.

காரைக்குடியில் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். உதிரப்போக்கு நிற்கவில்லை. ஊசி போட்டார்கள், உள்ளே பலூன் வைத்தார்கள், ம்ஹூம். மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்ப முடியவில்லை. பழைய வீட்டு முகப்பில் யாரோ கல்யாணப் போட்டோ எடுக்க வந்து, குறுக்கே மூன்று கார்! செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தக்கூடவா தெரியாது? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தொடை இடுக்கில் மெல்லிய குழாயை நுழைத்து, கர்ப்பப்பைக்குப் போகிற தமனிவரை கொண்டுபோய் ஜெலட்டின் பஞ்சைச் செலுத்தினார்கள். அது எப்படியென்று டெக்னீஷியன் தம்பி பிறகு கையாலேயே காட்டினார். வெள்ளைப் பஞ்சுத் தகட்டைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, உப்புநீரும் எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தும் சேர்த்து, இரண்டு சிரிஞ்சுக்கு நடுவே இப்படியும் அப்படியும் தள்ளினால் கூழாகிவிடுமாம்.

"கரைந்ததும் மறுபடி ஒழுகாதா டாக்டர்?"

"புண் ஆறுகிறவரைக்கும் அடைத்தால் போதும்மா. அதற்கப்புறம் கர்ப்பப்பைக்கு ரத்தம் வேண்டாமா?"

நான் டாக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். கர்ப்பப்பையில் வளர்கிற ஃபைப்ராய்டு கட்டிக்குக் கரையாத, நிரந்தரத் துகள்தானே போடுகிறார்கள் என்பீர்கள். உண்மைதான், அங்கே கட்டி வற்ற வேண்டும், அது வேறு கணக்கு. 1970-களில் நோயாளியின் ரத்தத்தையே உறையவைத்துச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். அது சீக்கிரமே கரைந்துவிட்டது. ஜெலட்டின் சில வாரம் தாங்கும். ஆனால் கையால் நறுக்குவதால் துண்டுகள் ஒரே அளவில் இருக்காது, இன்ன நாளில் கரையும் என்றும் அறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே அளவான, குறித்த நேரத்தில் கரைகிற குட்டி உருண்டைகளைத் தேடுகிறார்கள். மாவுச்சத்தில் செய்த துகள் இருக்கிறது. ரத்தத்திலுள்ள அமைலேஸ் என்ற நொதி அதைச் சீக்கிரமே கரைத்துவிடும். கல்லீரல் புற்றுக்கு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

தங்கை பிழைத்தாள், கர்ப்பப்பையும் தப்பியது. ஆனால் அந்தப் பஞ்சைப் பன்றித் தோலிலிருந்து எடுப்பார்கள் என்று யாரோ சொல்லப்போய், சுத்த சைவமான அவள் மாமியார் ஒரு மாதம் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அவர் தினமும் காலையில் விழுங்குகிற சத்து மாத்திரையின் உறையும் ஜெலட்டின்தான். அட்டையைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். இன்னும் சொல்லவில்லை.