ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்ட இரவில் தாகம், தலைவலி, வாந்தி: எல்லாவற்றுக்கும் அஜினோமோட்டோதான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 58. வலங்கைமான் பக்கம் கிராமம், விவசாயம். பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. காலையில் டெல்மிசார்ட்டன் 40, ஆம்லோடிபின் 5 போடுகிறேன். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு சைனீஸ் ஃபாஸ்ட் ஃபுட் கடைக்குப் போவோம். இரவு மாத்திரையை 7.30க்கு வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புவேன். தட்டு வர 9 மணி ஆகிவிடும், அதற்குள் சில நாள் கை லேசாக நடுங்கும், வியர்க்கும். சாப்பிட்ட பிறகு தலைவலி, ராத்திரி முழுக்கத் தாகம். மறுநாள் காலையில் மோதிரம் இறுகியிருக்கும், பிரஷரும் ஏறியிருக்கும். போன மாதம் ஒருநாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் எனக்கும் பேரனுக்கும் வாந்தி. எல்லாம் அஜினோமோட்டோவால்தான், அதைப் போடாமல் கேட்டு வாங்குங்கள் என்கிறார்கள். அது போதுமா டாக்டர்? இல்லை, கடைக்குப் போவதையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: போவதை விட வேண்டியதில்லை. ஆனால் அஜினோமோட்டோவை மட்டும் நிறுத்தினால் போதாது. கை நடுக்கம் ஒரு காரணத்தால் வருகிறது, தாகமும் மோதிர இறுக்கமும் இன்னொன்றால், வாந்தி முற்றிலும் வேறொன்றால். மூன்றையும் ஒரு பொடியின் தலையில் கட்டிவிட்டால் மூன்றும் தொடரும்.

முதலில் அந்தக் கை நடுக்கம். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு ஆபத்து அதிகம் இதில்தான். கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. சோறு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் அது வேலையைத் தொடங்கிவிடும். 7.30க்கு மாத்திரை, 9 மணிக்குச் சாப்பாடு என்றால் நடுவில் ஒன்றரை மணி நேரம் வெறும் வயிறு. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், நடுங்கும், படபடப்பு வரும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், பின்னாலேயே தலைவலி வரும். உங்கள் தலைவலியில் ஒரு பங்கு இதனால் என்றே நினைக்கிறேன்.

இனி மாத்திரையைச் சட்டைப் பையில் எடுத்துப் போங்கள். தட்டு மேசைக்கு வந்த பிறகு போடுங்கள். ஆர்டர் எடுத்தாயிற்று, இப்போது வந்துவிடும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே விழுங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் கணக்கு தப்பும். நடுக்கம் வந்துவிட்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். கடையில் விற்கும் சாதாரணக் குளிர்பானம் 150 மில்லியும் அதே வேலையைச் செய்யும். சர்க்கரை இல்லாத வகை எதற்கும் உதவாது. 15 நிமிடம் கழித்தும் நடுக்கம் நிற்காவிட்டால் அதே அளவு இன்னொரு முறை. குளுக்கோமீட்டர் இருந்தால் எடுத்துப் போய் அந்த நேரத்து அளவைக் குறித்து வைத்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவையே அவர் மாற்றக்கூடும்.

அடுத்தது அஜினோமோட்டோ. அது ஒரு கம்பெனியின் பெயர், பொருள் மோனோசோடியம் குளுட்டமேட். 1908-இல் ஜப்பானின் கிகுனே இகெடா கடற்பாசியிலிருந்து அதன் சுவையைப் பிரித்தெடுத்தார். 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று ஒரு மருத்துவரின் கடிதம் வெளியானது. அந்தக் கடிதம் சோயா சாஸ், சமையல் ஒயின், உப்பு, குளுட்டமேட் என்று பல சந்தேகங்களை எழுப்பியது. பழி நிலைத்தது ஒன்றின் மேல் மட்டும். பிறகு, சாப்பிடுபவருக்கும் கொடுப்பவருக்கும் எது எதில் இருக்கிறது என்று தெரியாமல் வைத்துச் செய்த சோதனைகளில் அந்தத் தொந்தரவு ஒரே சீராக வரவில்லை. சோறு எதுவுமில்லாமல் வெறும் வயிற்றில் 3 கிராமோ அதற்கு மேலோ எடுத்தபோது சிலருக்குத் தலைவலியும் முகச்சிவப்பும் வந்து சிறிது நேரத்தில் தணிந்தன. நன்றாகப் பழுத்த தக்காளியில் இயற்கையாகவே இருப்பதும் இதே குளுட்டமேட்தான். தக்காளி ரசமும் பாக்கெட் நூடுல்ஸும் மசாலா சிப்ஸும் உங்களுக்குத் தலைவலி தருவதில்லை என்றால், உங்கள் உடம்புக்கு இது பகையில்லை.

பகை சோடியம். மாஸ்டர் கையைக் கவனித்துப் பாருங்கள். நீளக் கரண்டியின் நுனியால் உப்பு டப்பாவை ஒரு தொடு, வெள்ளை மிளகுத்தூளை ஒரு தொடு, அஜினோமோட்டோவை ஒரு தொடு, பிறகு சோயா சாஸ் ஒரு சுற்று, சில்லி சாஸ் ஒரு சுற்று. எதையும் அளந்து போடுவதில்லை, போடவும் நேரமில்லை. ஒரு தட்டுக்கு உத்தேசமாகக் கணக்கிடுவோம். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி விழுந்தால் சோடியம் சுமார் 900 மில்லிகிராம். உப்பு அரைத் தேக்கரண்டி என்றால் இன்னும் ஒரு 1,150. அஜினோமோட்டோ அரைத் தேக்கரண்டியே விழுந்தாலும் 250 மில்லிகிராம்தான், ஏனென்றால் அதன் எடையில் சோடியம் 12 சதவீதம், சாப்பாட்டு உப்பிலோ 39 சதவீதம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் வைத்திருக்கும் உச்சவரம்பே 2,000 மில்லிகிராம், உப்பாகச் சொன்னால் 5 கிராம். காலையில் சாம்பாரிலும் மதியம் ஊறுகாயிலும் சாப்பிட்டது போக, ஒரே ஒரு ஃப்ரைட் ரைஸ் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. பக்கத்தில் சில்லி சிக்கன், முன்னால் ஒரு கிண்ணம் ஹாட் அண்ட் சோர் சூப் வந்தால் கிட்டத்தட்ட இரண்டு நாள் உப்பு ஒரே இரவில். ராத்திரி தாகமும், காலையில் மோதிரம் இறுகுவதும், பிரஷர் ஏறுவதும் இதனால்தான்.

ஆகவே "அஜினோமோட்டோ வேண்டாம்" என்று சொல்வதால் சோடியத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. சுவை குறையுமே என்று மாஸ்டர் உப்பைக் கூட்டினால் அதுவும் போயிற்று. ஆர்டர் எடுப்பவரிடம் சொன்னால் அது அடுப்படிக்குப் போய்ச் சேராது. அடுப்புக்கே போய், "மாஸ்டர், பிரஷர் இருக்கு, நம்ம தட்டுக்கு உப்பு போடாதீங்க, சோயா சாஸ் மட்டும் பாதி ஊத்துங்க" என்று சொல்லுங்கள். அரை மேசைக்கரண்டி சோயா சாஸே ஒரு தட்டுக்கு உப்புச் சுவை கொடுத்துவிடும். காரமும் புளிப்பும் வேண்டுமென்றால் மிளகுத்தூளும், வினிகரில் ஊறிய பச்சைமிளகாயும் கேளுங்கள், வினிகரில் உப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு. மேசையில் இருக்கும் சாஸ் பாட்டில்களைத் தொடாதீர்கள். சூப் உங்களுக்கு வேண்டாம், தவிர்த்தால் அதிகம் மிச்சமாவது அதில்தான். கூட்டம் ஏறுமுன் 7 மணிக்கே போனால் மாஸ்டருக்கும் காதில் வாங்க நேரமிருக்கும்.

இந்துப்பு போட்டுச் சமைக்கும் கடைக்குப் போகிறேன் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். டெல்மிசார்ட்டன் போடும் உங்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும் வாய்ப்பு உண்டு, அதனால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். கணுக்காலும் வீங்குகிறது என்றால் எனக்கு மட்டுமல்ல, உங்கள் டாக்டருக்கும் சொல்லுங்கள். அது ஆம்லோடிபினாலும் வரும், உப்பைக் குறைத்தால் மட்டும் போகாது. பிரஷரை மறுநாள் காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, பட்டை இதய மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். கடையிலிருந்து வந்த அவசரத்தில் பார்த்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இனி வாந்தி. இரண்டு மணி நேரத்தில், ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கும் என்பதுதான் இதில் துப்பு. ஃப்ரைட் ரைஸுக்குச் சூடான சாதம் ஆகாது, குழையும். அதனால் பிற்பகலிலேயே வடித்து, எண்ணெய் பிசிறி, ஆறவிட்டு, அன்னக்கூடையிலோ பெரிய அலுமினியப் பாத்திரத்திலோ மூடி அடுப்போரம் வைத்திருப்பார்கள். அரிசியோடு வரும் பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்கும் உலையிலும் சாகாது. வடித்த சாதம் ஆறும்போது முளைத்துப் பெருகும். சித்திரை வைகாசியில் நம் பக்கத்து மாலை 35 டிகிரி அதற்கு ஏற்ற வெப்பம். கூடையின் நடுவில் இருக்கும் சாதமோ மணிக்கணக்கில் ஆறாமலே கிடக்கும். பெருகிய கிருமி அங்கே ஒரு நஞ்சை விடுகிறது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது கெடாது. அதனால் வாணலியில் தீ எழும்ப வறுத்து, ஆவி பறக்கத் தட்டில் போட்டார்கள் என்பது எந்தப் பாதுகாப்பும் இல்லை. கிருமி செத்திருக்கும், நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். 1971-இல் பிரிட்டனில் இது முதலில் பிடிபட்டதே சீன உணவகங்களின் ஃப்ரைட் ரைஸில்தான்.

நம் வீட்டுப் பழைய சோறும் ராத்திரி முழுக்க வெளியில்தானே கிடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதில் தண்ணீர் ஊற்றுகிறோம், லாக்டிக் அமிலக் கிருமிகள் பெருகிப் புளிக்க வைக்கின்றன, அந்தப் புளிப்பில் பேசிலஸ் செரியஸ் வளரத் திணறும். எண்ணெய் பிசிறி உலர்ந்து கிடக்கும் சாதத்தில் புளிப்பு ஏறுவதில்லை. அதற்காகப் பழைய சோறு எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புளிக்காமல் வழவழத்து நூல் விட்டால் கொட்டிவிடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "சாதம் எத்தனை மணிக்கு வடிச்சது?" மாலை ஐந்து, ஆறு மணிக்கு வடித்தது, அல்லது வடித்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தது என்றால் சாப்பிடலாம். மதியம் வடித்ததை ராத்திரி பத்து மணிக்கு வறுத்தால் வேண்டாம். பதில் மழுப்பலாக வந்தால் தோசைக்குப் போங்கள். வேகவைத்து எண்ணெய் தடவிக் கூடையில் கொட்டி வைத்த நூடுல்ஸும் இதே கதைதான், மாற்றாகாது. பார்சல் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். மிஞ்சியதைக் காலையில் சூடு பண்ணிப் பேரனின் டிபன் பாக்ஸில் அடைப்பது கூடவே கூடாது.

கோழி வேறு. சில்லி சிக்கன் துண்டைப் பிட்டுப் பார்த்து நடுவில் சிவப்பும் வழவழப்பும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பொரித்த கோழியோடு வரும் மயோனைஸ் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது, காரணம் சால்மோனெல்லா போன்ற கிருமிகள். விரலில் ஒட்டும் ரத்தச் சிவப்பில் கோபி மஞ்சூரியன் வந்தால் அது மிளகாயின் நிறமல்ல. எண்ணெய் கறுத்து நுரைக்கும் வாணலியில் பொரித்ததையும் விடுங்கள்.

சுகருக்கு ஒரு வார்த்தை. 300 கிராம் சாதம் உள்ள தட்டில் மாவுச்சத்து 80 கிராமுக்கு மேல். கிரேவியைக் கெட்டியாக்கும் சோளமாவும் தக்காளி சாஸின் சர்க்கரையும் தனி. ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்து, முட்டை, காய் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். கிரேவிக்குப் பதில் ட்ரை. சாப்பிட்ட உடனே படுக்காமல் இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

சாப்பிட்ட பிறகு நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, வியர்வை என்றால் கேஸ் என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பல நேரம் அப்படித்தான் வயிற்றுக் கோளாறு போலத் தொடங்கும்.

மறுபடி வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஓஆர்எஸ் பாக்கெட் முழுவதையும் கரைத்து, தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுங்கள். பாக்கெட்டைப் பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. வாந்தியில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, பேரன் சோர்ந்து கண் குழிவது, ஒரு நாளைக்கு மேல் காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் ஆஸ்பத்திரி. உங்களுக்குத் தனியாக ஒன்று: தண்ணீர்கூட உள்ளே தங்காத நாளில் சாப்பிடாமல் கிளிமிபிரைடு போட்டால் சர்க்கரை இறங்கும், உடம்பு வறண்ட நிலையில் மெட்ஃபார்மினும் டெல்மிசார்ட்டனும் சிறுநீரகத்தோடு சேர்ந்து தொல்லை தரும். அப்படிப்பட்ட நாளில் எதை நிறுத்தி வைப்பது, எப்போது மறுபடி தொடங்குவது என்று உங்கள் டாக்டரிடம் அடுத்த முறை போகும்போதே கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.