0.04 சதவீதம்தானே என்று கேட்கும் அண்ணாவுக்கு

வணக்கம் அக்கா. பூமி ஏன் சூடாகிறது என்ற மகளின் பத்தாந்தர விஞ்ஞான ஒப்படையைப் பார்த்துவிட்டு, "காற்றில் 0.04 சதவீதம் இருக்கிற காபனீரொட்சைட்டு என்ன செய்யும், எல்லாம் எரிமலையும் சூரியனும்தான்" என்று உங்கள் அண்ணா சொன்னதாக எழுதியிருந்தீர்கள்.

அண்ணாவின் கணக்கு சரி, முடிவுதான் பிழை. காற்றில் பெரும்பங்கான நைதரசனும் ஒட்சிசனும் நிலத்திலிருந்து எழும் வெப்பக் கதிரைப் பிடிப்பதே இல்லை. பிடிப்பது நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் மாதிரிச் சிலதுதான். அவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை 15 பாகைக்குப் பதில் மறை 18 அளவில் இருக்கும். ஜோன் டின்டல் 1859 இலேயே இந்த வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சுவதை ஆய்வுகூடத்தில் அளந்துவிட்டார். கைத்தொழில் புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது.

எரிமலைகள் வருடம் முழுக்கக் கக்குவது நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. சூரியன் காரணமென்றால், நாம் வாழும் காற்றுப்படைக்கு மேலே இருக்கும் படைமண்டலமும் சூடாக வேண்டும். அது குளிர்ந்துகொண்டு வருகிறது.

எனக்குப் பிடித்த ஆதாரம் காபன்-14, அதாவது காலப்போக்கில் சிதைந்துபோகும் ஒரு வகைக் காபன். நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது இல்லை, கோடிக்கணக்கான வருடங்களில் சிதைந்து போயிற்று. காற்றில் அதன் பங்கு குறைந்து வந்ததை 1950களில் ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி மரங்களில் கண்டுபிடித்தார். அதாவது, புதிதாகச் சேர்ந்தது பழைய காபன். நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியும் காலி வீதி பஸ்களின் டீசலும் அந்த வகைதான்.

அப்புறம், ஓசோன் ஓட்டை வேறு பிரச்சினை, அதை இதற்குள் கலக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். டீச்சர்மார் அதற்குத்தான் புள்ளி வெட்டுவார்கள்.